நீள மூக்குக் குறடு

ஏரி ஒண்ணாம், ஏரிக்கு அந்தாண்ட கடலாம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு குப்பமாம். அந்தக் குப்பத்துக்கே ஒரே ஒரு நீள மூக்குக் குறடாம்.

அது இருந்தது இருசம்மாள் வீட்டுத் தகரப் பெட்டியில். மீன் தொண்டைக்குள் மாட்டிய தூண்டில் முள்ளை எடுப்பதற்கென்றே செய்த குறடு. பழவேற்காட்டு ஜெகபர் அலி பாய் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவள் புருஷனுக்குக் கொடுத்தது. அவன் ஜன்னி கண்டு செத்ததும், பெட்டியோடு தாய்வீட்டுக் குப்பத்துக்கே வந்துவிட்டாள்.

குறடு இல்லாமலும் குப்பத்தில் பிழைப்பு நடந்தது. கையும் பல்லும் இருந்தால் போதாதா? ஆனாலும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஸ்டவ் திரி இழுக்க, மூக்குத்தித் திருகு கழற்ற என்று ஆளுக்கொரு சாக்கு. யார் கேட்டாலும் கொடுப்பாள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஒரு காலை. கஸ்தூரியம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, அந்தக் கொறடைக் குடுக்கா! எங்க ஊட்டுக்காரரு கையில கெளுத்தி முள்ளு ஏறி உள்ளாரயே ஒடைஞ்சிடுச்சு. நகத்தால புடிச்சா வழுக்குது."

இருசம்மாள் முகம் வெளிறிப் போயிற்று.

"எங்க ஏறியிருக்கு?"

"வலது உள்ளங்கையில."

"கொறடு தர மாட்டேன்."

கஸ்தூரிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நேத்துதானே லோகநாயகிக்குக் குடுத்த?"

"அது மூக்குத்திக்கு. இதுக்குத் தர மாட்டேன். பொன்னேரிக்கு, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"ஆஸ்பத்திரிக்கா! காட்டூர்ல ஒருத்தன் ஆணி குத்திச்சுன்னு போனான். வரும்போது காலு இல்ல. தெரியாதா உனக்கு?"

"தெரியும். போ."

கஸ்தூரி கெஞ்சினாள். காலைத் தொட்டாள். இருசம்மாள் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தாலி அறுத்தவ, என் தாலியையும் அறுக்கப் பாக்கறியா? நல்லாயிருப்பியாடி நீ?" கஸ்தூரி வாசல் மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஓடினாள்.

வீட்டில் அவள் புருஷன் தேசப்பனின் கை பன்னாய் உப்பியிருந்தது. கஸ்தூரியின் தம்பி நாகப்பன் பல்லால் கடித்துப் பார்த்தான். வலை ஊசியால் நெம்பிப் பார்த்தான். முள்ளின் ரெண்டு பக்கமும் ரம்பம்; நெம்ப நெம்ப உள்ளேதான் போயிற்று. தேசப்பன் போட்ட சத்தத்தில் குப்பத்து நாய்களெல்லாம் குரைத்தன. உச்சிவேளைக்குள் மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறிவிட்டது.

"வேற வழியில்லக்கா," என்றான் நாகப்பன். "படகு எடுக்கறேன்."

ஏரியில் போகும்போது தேசப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வலது கையாச்சே. இது போச்சுன்னா வலைய எதால இழுக்கறது?"

"கம்முனு வாய்யா."

பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரி போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் தேசப்பனை உள்ளே கொண்டுபோனார்கள். கஸ்தூரி வெளியே சுவரோரம் குந்தினாள். நர்ஸ் ஒருத்தி துணி மூடிய தட்டோடு வெளியே வந்தாள். அவனுடைய கை அதில்தான் இருக்கிறது என்று கஸ்தூரிக்குத் தோன்றியது.

அரை மணி கழித்து அவனே நடந்து வந்தான். பெரிய கட்டு. கட்டுக்கு வெளியே விரல் நுனிகள். கஸ்தூரி எண்ணினாள். அஞ்சு.

"முள்ளை எடுத்துட்டாங்கோ. தோள்ல ஒரு ஊசி போட்டாங்கோ. அவ்ளோதான்."

ஆனால் கஸ்தூரிக்குப் பயம் விடவில்லை. மறுநாள் தேசப்பன் சோறு தின்னும்போது, வேலிப் படல் சந்தில் ஒரு உருவம். இருசம்மாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கஸ்தூரி எழுந்ததும் போய்விட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். தினம் சோறு வேளைக்குச் சரியாக.

கண்ணு வைக்கிறாள், ஏதோ செய்வினை பண்ணுகிறாள் என்று கஸ்தூரி நினைத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

பத்தாம் நாளும் வந்தாள், இடுப்பில் இறால் பிடித்துப் போடும் பறிக் கூடையோடு. கஸ்தூரி படலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"கொறடு குடுக்க மனசு வரல, துன்றதைப் பாக்க மட்டும் தெனம் வருதா உனக்கு?"

இருசம்மாள் அவள் தோளுக்கு மேலே எட்டி, உள்ளே தேசப்பனைப் பார்த்தாள். "வாயை நல்லாத் தொறக்கறானா? தாடை இறுக்குதுன்னு எதுனா சொன்னானா?"

"இன்னாது?"

"மெல்ல முடியுதா அவனால?"

"நல்லாத்தான் துன்றாரு. இன்னா உளர்ற?"

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

இருசம்மாள் படலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் கெளுத்தி முள்ளுதான்டி. நான்தான் அந்தக் கொறடால புடுங்குனேன். முழுசா வந்துடுச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்குன்னு இருந்துட்டோம். எட்டாம் நாள் வாய் பூட்டிக்கிச்சு. ஒடம்பு வில்லாட்டம் வளைஞ்சிடுச்சு. ஊர்ல ஜன்னின்னாங்க. ஒரு ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னப்போ, ஆளு இல்ல."

கஸ்தூரி அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "இதை... அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா?"

"தாலி அறுத்தவ சாவுப் பேச்சு எடுத்துக்கினு வந்தா, வாசல்ல நிக்க விட்டிருப்பியா?"

இருசம்மாள் எழுந்தாள். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"கொறடைக் குடுத்திருந்தா நீ பஸ்தான் ஏறியிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஏரிப் பக்கம் நடந்தாள்.