யார் யாரைப் பார்த்து எழுதியது?

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலை முதல் பெய்த தூறல் விட்டு, காற்றே இல்லாத புழுக்கம். இறையியல் கல்லூரியின் கூட்ட அறையில் நான்கு பேர் அமர்ந்திருந்தார்கள்.

மேசைமேல் இரண்டு தாள்கட்டுகள். ஒன்று, மூத்த பேராசிரியர் மார்ச் மாத ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. மற்றொன்று, அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஜூன் மாதம் சமர்ப்பித்த ஆய்வேட்டின் நான்காம் இயல். ஒன்பது பக்கங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றே.

"ஜெராக்ஸ் மெஷின்கூட இவ்வளவு சுத்தமா எடுக்காது," என்றார் பதிவாளர்.

விசாரணைக்குத் தலைமை வகித்த பேராசிரியை சிரிக்கவில்லை. நற்செய்தி நூல்களை எழுதிய மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகியோரில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதே இருபது ஆண்டுகளாக அவர் நடத்தும் பாடம். அவரும் ஒரு காலத்தில் அதே மூத்த பேராசிரியரின் மாணவிதான்.

கட்டுரையை எடுத்து வாசித்தார்.

"'இயேசுவைத் தெய்வமாக உயர்த்திக் கண்டது பின்னாளில் மெல்லச் சேர்ந்த வளர்ச்சி அன்று, அவர் இறந்த இருபதே ஆண்டுகளுக்குள் விசுவாசிகள் அதைப் பாட்டாகவே பாடிவிட்டார்கள்.' இது யாரோட வாக்கியம்?"

"ஐயாவோடது, மேடம்," என்றாள் மாணவி.

"உன் ஏட்டுல எப்படி வந்துச்சு?"

"நான் எடுத்துக்கிட்டேன்."

"ஒரு அடிக்குறிப்புகூடப் போடாம?"

"விடுதியில இவளுக்குப் பட்டப்பேரே 'அடிக்குறிப்பு'தானாம்," என்றார் பதிவாளர். "அந்தப் பேரையாவது காப்பாத்தியிருக்கலாம்."

பேராசிரியை மூத்தவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க இதை எப்ப எழுதினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் மாட்டிக்கொண்டார். அதற்குள் மாணவி குறுக்கிட்டாள்.

"ஜனவரியில, மேடம். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"உன்னைக் கேட்கலை."

"ஆமா, ஜனவரி," என்றார் மூத்தவர். பிறகு மாணவியைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. "என்கிட்ட கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனேம்மா."

பேராசிரியைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அஞ்சு வருஷமா பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டவர் முகத்துல கரியைப் பூசிட்டியே! ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை, மேடம்."

"அழக்கூடத் தோணலையா உனக்கு?"

மாணவி பேனாவைத் திறந்தாள். நீட்டிய தாளில் கையெழுத்திட்டாள். ஆய்வுப் பதிவு ரத்து. ஐந்து ஆண்டு உழைப்பும், அதை நம்பிக் காத்திருந்த விரிவுரையாளர் வேலையும் அந்த ஒரு கையெழுத்தோடு முடிந்தன.

மூத்தவர் எழுந்தபோது அவளே ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். "படியெல்லாம் ஈரமா இருக்கு, ஐயா. பார்த்துப் போங்க."

"நடிப்பு," என்று பதிவாளரிடம் முணுமுணுத்தார் பேராசிரியை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாணவி பதினொரு புத்தகங்களை நூலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பெட்டியோடு பேருந்து ஏறினாள்.

எட்டு மணிக்குப் பதிவாளர் ஆய்வாளர் பட்டியலில் அவள் பெயரை அடித்து நீக்கினார்.

எட்டரைக்குப் பேராசிரியை அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதலாமாண்டு மாணவர்களைச் செய்யச் சொல்வதுபோலவே, இரண்டு தாள்கட்டுகளையும் அருகருகே வைத்து, பென்சிலால் வரிவரியாக ஒப்பிட்டார். பார்த்து எழுதுகிறவர் எங்கோ ஓரிடத்தில் களைத்துப்போவார். மாற்ற மறந்த ஒரு சொல் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்டுதோறும் வகுப்பில் அவர் சொல்வது இது.

ஏழாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

'மூன்றாம் இயலில் நாம் கண்டபடி.'

ஆய்வேட்டில் அந்த வரி சரி. மூத்தவரின் கட்டுரையிலும் அதே வரி இருந்தது. பன்னிரண்டு பக்கக் கட்டுரையில் மூன்றாம் இயல் ஏது?

அப்படியானால் மாணவி திருத்தக் கொடுத்த வரைவிலிருந்து எடுத்தவர் அவர்தான்.

நேற்றும் இதே தாள்கள்தாம் எதிரில் கிடந்தன. ஒன்றின்மேல் இருந்த பெயரைப் பார்த்ததோடு பேராசிரியை படிப்பதை நிறுத்தியிருந்தார்.

கட்டுரையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு பெண்ணின் எழுத்தைத் திருடி, அவளையே திருடியாக்கி, அவள் முன்னாலேயே குரலும் தழுதழுத்த மனிதர்! நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும்.

மூத்தவரின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அவர் எதிர் நாற்காலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டு நிமிர்ந்து புன்னகைத்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க. எந்தக் கல்லூரியிலேர்ந்து வர்றீங்க?"

பேராசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு பத்து நிமிஷம் இருங்க. நாலாம் இயலை எடுத்துக்கிட்டு என் மாணவி வர்ற நேரம். எனக்கு இப்பல்லாம் எதுவும் மனசுல நிக்கிறதில்லை பாருங்க, அவதான் வெளியில யாருக்கும் தெரியாம சமாளிச்சுக்கிட்டு இருக்கா."