பதினேழாம் பக்கத்து மீன்

மாடியிலுள்ள பழைய புத்தகக் கடையில் நர்ஸம்மா நின்றபடியே ஒரு நாவலைப் புரட்டுகிறாள். போர்க்காலத்தில் வளரும் ஒரு பையனின் கதை. அட்டை நைந்து, தாள் பழுத்துவிட்டது. மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் படபடக்க, பதினேழில் விரல் நின்றுவிடுகிறது. எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஒரு குட்டி மீன். படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க அவள் தம்பி எல்லாப் புத்தகத்திலும் போட்டுவைக்கும் அடையாளம். சண்டையில் செத்துவிட்டதாகத் தந்தி வந்த தம்பி. அவசரமாக முதல் பக்கத்துக்குத் தாவுகிறாள். அச்சான வருஷம், தந்திக்கு மூன்று வருஷம் பிந்தியது. “அண்ணே, இதை யாரு கொண்டுவந்து போட்டா?” “வாங்குறதுன்னா வாங்கும்மா. புத்தகத்துக்கெல்லாமா ஜாதகம் பார்ப்பாங்க?” மீனைக் காட்டுகிறாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். “அட, மீன் படம் போடுறவரா? இப்பத்தானே ஒரு கட்டுப் புத்தகத்தை இறக்கிவெச்சிட்டுப் போறாரு.” மரப்படியில் செருப்புச் சத்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.