டேப்லெட்டா, இ-ரீடரா?

“டேப்லெட் வாங்கிக்கோ. கலர்ல இருக்கும், படமும் பார்க்கலாம்,” என்றான் கணவன், கடையில்.

“படிக்க மட்டும்தாங்க. இ-ரீடர் போதும்,” என்றாள் மனைவி, மாமியார் காதில் விழாதபடி. நாவல் படிக்கப் போனை எடுத்தாலே, “எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு…” என்று பின்னால் வந்து நிற்பவர் அவர். இன்று வேண்டாம் என்றுவிட்டால் படிப்பே போச்சு.

மாமியார் நேராக விற்பனையாளரிடம் போனார். “இந்த இ-ரீடர்ல எழுத்து பெரிசாகுமா தம்பி?”

“எவ்வளவு வேணும்னாலும் ஆகும்மா.”

“அப்ப இதையே குடுங்க. போன்ல எல்லாம் பொடிப்பொடியா இருக்கு. பின்னாடி நின்னு நான் பாதி படிக்கறதுக்குள்ள இவ அடுத்த பக்கத்துக்குப் போயிடறா.”

மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நேத்து கதையில இன்ஸ்பெக்டர் கதவை உடைச்சாரே, உள்ள யாரு இருந்தா?”