தேவிப்பிரியாவின் கிழங்கு கிரீம்

வள்ளிக்கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினால், நின்றுபோன ஹார்மோன் மறுபடி ஊறுமா? நீங்களே சொல்லுங்கள்.

ஊறும் என்றாள் தேவிப்பிரியா. மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்பு தணலாகக் கொதிக்கிறது, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறோம் என்று வந்த பெண்களிடம் அடித்துச் சொன்னாள்.

"வெளிநாட்டுல இதுக்கு பயோ ஐடென்டிகல்னு பேரு. நம்ம உடம்புல ஊறுற அதே ஹார்மோன். எதுலேர்ந்து எடுக்கிறாங்க தெரியுமா? வள்ளிக்கிழங்கு! வள்ளியம்மா கிடைச்சதே கிழங்குக் குழியிலதானே? உங்க மலைச் சரக்கை வெள்ளைக்காரன் விக்கிறான்!"

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜ் அறை. அறை நிறைய அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் டப்பாக்கள். டப்பாவுக்குள் மலிவான கோல்டு கிரீமும் ஒரு சிட்டிகை கிழங்கு மாவும். அவளுடைய கைமுதல் முழுவதும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. விற்றுத் தீர்த்துவிட்டு ஆந்திரா பக்கம் நகர்ந்துவிட வேண்டும்.

மலைப்பாதையில் பூ விற்கும் எல்லம்மாள் மட்டும்தான் தகராறு செய்தாள். மூக்குத்தியை அடகு வைத்து டப்பா வாங்கியவள்.

"ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட காட்டினேன் மேடம். அந்த மருந்து நெசமாவே இருக்குதாம். ஆனா கிழங்குலேர்ந்து லேபுல பிரிச்சி எடுக்கணுமாம், ஒடம்ப சோதிச்சிப் பாத்துட்டுதான் குடுப்பாங்களாம். இப்டி அரைச்சா பொரியலுக்குக்கூட ஆவாதாம். எம் பணத்தக் குடுத்துடுங்க."

"உங்களுக்கு நம்பிக்கை ஹார்மோன்தாம்மா கம்மி" என்றாள் தேவிப்பிரியா.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எல்லம்மாள் சிரிக்காமல் படியிறங்கிப் போனாள்.

அப்படிப் போனவள் இரண்டு நாளில் மல்லிகைப் பூவோடு திரும்பி வந்து பல்லைக் காட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. மருந்து ஆபீசருங்க கடை கடையா பூந்து பாத்துகினு வராங்களாம். லைசன்ஸு கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

தேவிப்பிரியாவுக்கு வியர்த்தது. அதற்கு வயது காரணமில்லை.

"மருந்துன்னாதான லைசன்ஸு? மலைக்கி எத்துகினு போயி வள்ளியம்மா சந்நிதில வச்சி எடுத்துட்டு, பிரசாதம்னு சொல்லுங்க. அப்பால எவன் கேப்பான்? எந்தம்பி ஆட்டோ வச்சிகிறான். மைக்கு செட்டும் கீது."

"ஒரு டப்பா எடுத்துட்டுப் போனா போதாதா?"

"ஆங்! ஒண்ணுதான் சாமிகிட்ட போச்சுன்னா மீதிய எவ வாங்குவா?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மொத்தச் சரக்கும் ஆட்டோவில் ஏறப்போகிறது. ஓட்டுகிறவன் இவள் தம்பி பாலமுருகன். கொஞ்ச நேரம் ஓட்டினால் ஆந்திரா வந்துவிடும். அவன் வேறு வண்டியைத் துடைத்துக்கொண்டே போனில் தெலுங்கில் குசுகுசுத்தான், நடுநடுவே சிரித்தான்.

'யார்கிட்ட?' என்று யோசித்த தேவிப்பிரியா, ஆட்டோவில் ஏற்றிய பெட்டிகள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க உள்ள போயி நிம்மதியா கும்புடுங்க மேடம், நான் பொட்டிய பாத்துக்கறேன்" என்றாள் எல்லம்மாள், மலைமேல்.

தேவிப்பிரியா நகரவில்லை. குருக்கள் வந்து பெட்டிகள்மேல் குங்குமம் போட்டபோதுகூட, ஒரு கண்ணை மூடிக் கும்பிட்டு மறு கண்ணால் காவல் காத்தாள்.

இறங்கும்போது ஆட்டோ லாட்ஜ் பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் பறந்தது. பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"எங்கடா போற?"

"யக்கா, கழுத்த விடு! கே.ஜி.கண்டிகை வரைக்கும் மைக்குல சொல்லிட்டு வரவாணாமா?"

அதற்கும் அவனை நம்பவில்லை. மைக்கைப் பிடுங்கித் தானே பேசினாள்.

"தாய்மார்களே! இனிமே இது மருந்து இல்லை. வள்ளியம்மா பிரசாதம்! காலைல லாட்ஜுக்கு வந்து வாங்கிக்கங்க!"

தெருவுக்குத் தெரு அதையே சொன்னாள். தொண்டை கட்டியது. பெண்கள் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாப் பெட்டிகளும் அறைக்குத் திரும்பிவிட்டன. ஒரு டப்பா குறையவில்லை. எல்லம்மாளும் தம்பியும் ஏமாந்த முகத்தோடு போகிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைப் பூட்டி, கட்டிலை இழுத்துக் குறுக்கே போட்டுவிட்டு, வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள் தேவிப்பிரியா.

மறுநாள் காலை, எல்லம்மாள் வரிசை கட்டி அனுப்ப, ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, பிரசாதம் வாங்குகிற வழக்கப்படி, காசு எதுவும் எடுக்காமல் வெறுங்கையைக் குழித்து நீட்டி, ஆளுக்கொரு டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.