முகம் கழற்றிய படை

"ஐயோ, ஃபேனப் போடாதீங்க!" என்று சுராயா போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

போட்டால் அவ்வளவுதான். புளியங்கொட்டை உயரமே உள்ள இரண்டு படைகளும் சண்டைக்கு முன்பே குப்புற விழுந்துவிடும்.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை என்று சென்னையிலிருந்து மேசை விளையாட்டுப் பைத்தியங்கள் பத்திருபது பேர் வந்து கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால், தானே உருவாக்கிய 'நண்டுக்கோட்டை' ஆட்டத்தை முதன்முதலாக விரித்து வைத்திருந்தாள் சுராயா.

விரித்தால் ஒரு தலையணை அகலம்தான். அதற்குள் ஒரு கலங்கரை விளக்கம், ஒரு உப்பளம், கடலுக்குள்ளிருந்து நண்டுகளின் முதுகில் ஏறிவரும் ஒரு படை, அதை மறிக்கும் கரைப்படை, எல்லாம் அடக்கம். பகடையை உருட்ட வேண்டும், படையை நகர்த்த வேண்டும், மாட்டியவனை வெட்ட வேண்டும். அரை மணியில் ஆட்டம் முடிந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் சொக்கித்தான் போனார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது; ஒருவரும் நகரவில்லை.

ஆனால் சுராயா காத்திருந்தது கிருபாகரனுக்காக. சென்னையில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கென்றே கடை வைத்திருப்பவர். அவர் அலமாரியில் ஏறிவிட்டால் அப்புறம் ஊரெல்லாம் ஏறிவிடலாம்.

அவர் ஒரு சிப்பாயை உள்ளங்கையில் எடுத்து வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஏம்மா, ஒருத்தனுக்கும் மூஞ்சியே காணோம்?"

நண்டுக்குக்கூடக் கண் வைக்கவில்லை இந்தப் பெண்!

"சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி மூஞ்சியக் கழட்டி வூட்டு ஆணியில மாட்டிட்டுப் போற படை சார் இது. உயிரோட திரும்பி வந்தாதான் மறுபடி மாட்டிக்க முடியும்."

ஆட்ட விதிகளிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அசல் காரணம் மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து, சாக்கிலிருந்து பெட்டிகளை எடுத்துச் சுற்றியிருந்த பழைய பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவள் மாமனார் அப்துல் மாலிக். புதுப்பட்டினம் கடைத்தெருவில் பெயிண்ட் கடைக்காரர்.

கல்யாணமாகி வந்த புதிதில், "பொம்மை செய்யணும் மாமா" என்று அவள் இழுத்தபோது, முகம் வைத்த உருவம் மட்டும் வீட்டில் வேண்டாம், நம் வழக்கமில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதோடு சரி. மறுவாரமே கடைக்கு மேலிருந்த கிடங்கைக் காலி செய்து, பிசினில் பொம்மை வார்த்தெடுக்கும் அவளுடைய 3டி பிரிண்டருக்குக் கொடுத்தார். பிசின் நாற்றம் வெளியேற ஜன்னலில் விசிறி மாட்டினார். தூரிகை நுனியால் அவள் வண்ணம் பூசுவதைப் பார்த்து, "ஒரு சொட்டு பெயிண்ட்டுல ஒரு படைக்கே அடிச்சிட்டியேம்மா. எல்லாரும் உன்னாட்டம் இருந்தா நான் கடைய மூடிகினு போவேண்டிதான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

எந்த மாமனார் செய்வார் இதை? நினைத்தாலே சுராயாவுக்குக் கண் நிறைந்துவிடும்.

"கதை ஜோருதான்" என்றார் கிருபாகரன். "ஆனா மூஞ்சி இருந்தாதாம்மா விக்கும். கண்ணு, வாயி வெச்சுக் குடு. நூறு பெட்டி எடுத்துக்கறேன். இல்லன்னா என்னை விட்டுடு."

நூறு! அடேயப்பா.

கணினியில் முகம் வரைவது இரண்டு நாள் வேலை. மாமா தடுக்கவும் மாட்டார். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அவர் அப்படிப் பேசாமல் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"இல்ல சார். இவங்க இப்படியேதான் இருப்பாங்க" என்றாள் சுராயா.

கிருபாகரன் சிப்பாயை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கொஞ்சம் இரு தம்பி." அப்துல் மாலிக் ஒரு பெட்டியைக் கையில் பிடித்தபடி மேசையைச் சுற்றி வந்தார்.

சுராயாவுக்குப் பகீர் என்றது. தனக்காக மனுஷர் விட்டுக்கொடுத்துவிடுவாரோ?

"பொம்மைக்கு மூஞ்சி வேணாம்னு சொன்னவன் நான்தான். இப்பவும் அதான் சொல்றேன்" என்றவர், பெட்டியை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார். "தயாரிப்பு, அப்துல் மாலிக் அண்ட் சன்ஸ், புதுப்பட்டினம். இது இன்னாம்மா?"

அவருக்குச் சொல்லாமல், பார்த்தால் பூரித்துப் போவார் என்று அவள் ஆசையாக அச்சடித்தது.

"உங்களாலதான மாமா இதெல்லாம்..."

"நான் எப்பம்மா பொம்ம செஞ்சேன்? சன்ஸாம் சன்ஸு! என் புள்ளைங்கள்ல எவன் செஞ்சான்?" நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. பெட்டியைக் கிருபாகரன் கையில் திணித்தார்.

"மூஞ்சி இருந்தாதான் விக்கும்னியே தம்பி, பொட்டி மேல இவ மூஞ்சியப் போட்டு வித்துக்க. செஞ்சவ இவதான்னு ஊருக்குத் தெரியட்டும்."

கிருபாகரன் பெட்டியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "சரி பாய்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினார்.

எடுத்த படம் ஒன்றும் சரியாக வரவில்லை. சுராயா அழுகையை நிறுத்தினால்தானே!