எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை

எதிர்வீட்டுக் கங்காதரன் பேச ஆரம்பித்தால் அம்சா மாவு அரைக்கும் கிரைண்டரை நிறுத்திவிடுவாள்.

அன்றும் நிறுத்தினாள். வாசலில் வந்து நின்ற பெண் ஏட்டு சுஜாதா, தனக்காகத்தான் நிறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்சாவின் பார்வை ஏட்டின் மேல் இல்லை. தெருவின் அந்தப் பக்கம் கங்காதரன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிக்கும்வரை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுஜாதா அவனைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருந்தாள். ஆசிட் டேங்கர் ஓட்டும் வேலைக்கு அவன் மனு போட்டிருந்தான். அதற்கான பயிற்சியை முடித்துவிட்டான். போலீஸ் விசாரணையில் குறை இல்லை என்று தெரிந்தால்தான் கம்பெனி சாவியைக் கையில் கொடுக்கும். ஸ்டேஷனில் அவன் பேரில் ஒரு வழக்கும் இல்லை. இனி அக்கம்பக்கத்தில் இரண்டு வார்த்தை கேட்டால் போதும்.

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தெருவுக்கு அவன் போன ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் குடிவந்தான். தனியாள். சின்ன வேனில் தண்ணீர் கேன் போட்டுப் பிழைத்தான். தெருவில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டான். இறங்கிப் போய் விரட்டிவிட்டு வந்து வண்டியை எடுப்பான்.

வந்த புதிதில் மாவு வாங்க வந்தவன், சுவரில் மாலை போட்டிருந்த தணிகைவேலின் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். யாரென்று கேட்டான். வீட்டுக்காரர் என்றாள் அம்சா.

படத்தைப் பார்த்த எல்லோரும் அடுத்ததாக, எப்படி இறந்தார் என்று கேட்பார்கள். அவன் மட்டும் இன்றுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்காமலே எல்லாம் செய்தான். அரிசி மூட்டையை இறக்கி வைத்தான். சிலிண்டர் மாட்டிக் கொடுத்தான். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், சாயங்காலம்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

எதையும் அம்சா வேண்டாம் என்று சொன்னதில்லை. ஊரைப் பற்றி, வெயிலைப் பற்றி ஏதாவது கேட்டு அவனைப் பேச வைப்பாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மனோரமா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "அந்த ஆளு பேசும்போது கண்ண மூடிக்கினு கேக்கறியே. பாக்கறவங்க என்னா நினைப்பாங்க?"

அம்சா கிரைண்டரை மறுபடி போட்டாள்.

இப்போது ஏட்டு கேட்டாள். "குடி, அடிதடி, கேஸு எதனா கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. ஆசிட் லோடு. ஒண்ணு ஆச்சுன்னா ஒரு ஊரே போயிடும். நம்பிக் குடுக்கலாமா?"

அம்சா நன்றாகவே யோசித்தாள்.

"குடுக்கலாங்க. இனிமே அவரு வேகமா ஓட்ட மாட்டாரு."

அந்த 'இனிமே' சுஜாதாவின் காதில் விழவில்லை. 'நிதானமாக ஓட்டுபவர்' என்று எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏட்டின் தலை மறைந்ததும் கங்காதரன் தெருவைக் கடந்து வந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நன்றிக்கா."

"எந்த ரூட்டு தம்பி?"

அவன் சற்றுத் தயங்கினான். "நகரி ரோடுதான்க்கா. தினமும் போய் வரணும்."

"முன்னாடி அந்த ரோட்டுல ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லக்கா." சட்டென்று வந்தது பதில்.

அம்சா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அவனுடைய குரலிலேயே, அதே பிசிறோடு, மெதுவாகச் சொன்னாள்.

"ஏந்திரி நைனா. ஏந்திரி."

கங்காதரனின் முகம் வெளிறிப்போனது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், தணிகைவேல் நகரி ரோட்டு வளைவில் பைக்கை ஓரம் நிறுத்தி அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பாதிப் பேச்சில் ஒரு சத்தம். ஆனால் இணைப்பு அறுந்துபோகவில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போனுக்கு வெகு அருகில், யாரோ ஓர் ஆண் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கெஞ்சினான். பிறகு லாரிக் கதவு அறையும் சத்தம். வண்டி கிளம்பிப் போகும் சத்தம்.

லாரியை யாரும் பார்க்கவில்லை. நம்பர் கிடைக்கவில்லை. குரலை வைத்து ஆளைத் தேட முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைகளை அவள் அதன்பின் யாரிடமும் சொன்னதில்லை.

கங்காதரன் வேலையில் சேர்ந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல, வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை. வீட்டையாவது காலி செய்துகொண்டு போயிருக்கலாம். ஏனோ அதையும் செய்யவில்லை.

காலையில் அவன் கதவைப் பூட்டும்போதெல்லாம் அம்சா வாசலுக்கு வந்துவிடுவாள்.

"வளைவுல பாத்துப் போங்க தம்பி," என்பாள்.

கேட்பவர்களுக்கு அது அக்கறை போலத்தான் இருக்கும்.