ஏழாவது இடம்

“ஏம்மா, கைத்தடியோட பனியில நடக்க விடுவாங்களா?” என்று போனில் கேட்டார் கணவர்.

“நான் பிடிச்சுக்கறேன், நீங்க வாங்க. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி பாத்து வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் பெரியக்கா. டிக்கெட் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் சாக்ஸ். மாடிப்படியில் விழுந்து அவர் இடுப்பு போனதிலிருந்து வீட்டுக்கு வருவது அவளுடைய சம்பளம் ஒன்றுதான். ஆசைப்பட்டதற்கெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் மேனேஜரைத் தவிர இரண்டே பேர். டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பெரியக்கா பொறுப்பு. விசா வேலை முழுக்க விசா தம்பி. தம்பிக்கு நாற்பது வயது, தலையில் ஒரு முடி இல்லை. ஆனாலும் தம்பிதான்.

‘புத்தாண்டில் போய்ப் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று வருஷா வருஷம் ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். பதினாறு வருஷமாக அதை எழுதுகிறவள் பெரியக்காதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் ஒரு இடத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ‘ஏழாவது இடம்: ஏரி உறைந்து கிடக்கும். அதன்மேல் நடந்து பாருங்கள், உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே புதிதாகக் கேட்கும்’ என்று இந்தத் தடவை அவள் எழுதியபோது, கால்கள் இரண்டும் மேஜைக்கடியில் வீங்கிக் கிடந்தன.

அந்த ஏழாவது இடத்துக்குப் போகிற குழுவில்தான் ஒரு ஜோடிக்கு இடம் காலியானது. தேனிலவுக்கென்று பணம் கட்டியிருந்தார்கள். கல்யாணமே நின்றுபோய்விட்டது.

“வீணாப் போறதுக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜோடியாப் போயிட்டு வாங்களேன்” என்று மாதத் தொடக்கத்திலேயே மேனேஜர் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு நீல நோட்டையும் நீட்டினார். “ஆனா நீங்க இல்லாதப்ப வேலை நிக்கக் கூடாது. உங்க வேலை மொத்தத்தையும் இதுல எழுதிக் குடுங்க. நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தவங்க படிச்சாலும் புரியணும். யாரு நல்லா எழுதறீங்களோ அவங்களுக்கு டிக்கெட். இருபதாம் தேதி மத்தியானம் என் மேஜைக்கு வந்துடணும்.”

பெரியக்கா உட்கார்ந்து எழுதினாள். எந்த ஹோட்டலில் யாரிடம் பேசினால் முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கிடைக்கும், எந்த விமானத்தை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடக் கூடாது, எல்லாம். பதினாறு வருஷமும் எழுபது பக்கத்தில் இறங்கிவிட்டது.

இருபதாம் தேதி காலை, விசா தம்பி தூதரகத்துக்குப் போன நேரத்தில் அவன் நோட்டைப் புரட்டினாள். நூறு பக்கம், மூன்று கலர் பேனா. எந்தக் கவுன்ட்டர் அதிகாரி எந்த மாதிரி போட்டோவைத் திருப்பி அனுப்புவார் என்பதுவரை படம் போட்டு எழுதியிருந்தான்.

மேனேஜரும் வெளியே போயிருந்தார். காகிதம் நறுக்கும் மிஷின் ஒரு தடவைக்கு நாலு தாள்தான் தின்னும். பெரியக்கா அவன் நோட்டைக் கிழித்துப் பொறுமையாக ஊட்டினாள். மிஷினில் நுழையாத நீல அட்டையை மடித்துக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் விசா தம்பி மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினான். பெரியக்காவும் கூடவே குனிந்து தேடினாள்.

“வீட்டுல வெச்சுட்டு வந்திருப்பீங்க தம்பி. முடியோட சேந்து ஞாபகமும் கொட்டிப்போச்சு போல.”

“சத்தியமா இங்கதான்க்கா வெச்சேன். யாரோ எடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி பெட்டியெல்லாம் வாங்கி வெச்சுட்டாக்கா…”

“விடுங்க தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தன் நோட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் மேனேஜர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். பெரியக்காவிடம் கவரை நீட்டினார். உள்ளே இரண்டு டிக்கெட்.

“பத்தே நாள் சார். பதினொண்ணாம் நாள் காலையில டாண்ணு வந்து நிப்பேன்” என்றாள், வாயெல்லாம் பல்லாக.

“வர வேண்டாம்.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

“ரெண்டு பேர்ல ஒருத்தரை நிறுத்திட்டு, பாதிச் சம்பளத்துல புது ஆள் போடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. எனக்கும் மனசு வரல. யாரு வேலை நோட்டுல முழுசா இருக்கோ, அவங்க இல்லாம சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். உங்க நோட்டைப் புதுசா வர்ற பொண்ணுகிட்ட குடுத்தேன், ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டா. அவ்வளவு அருமையா எழுதியிருக்கீங்க.”

“அப்ப… தம்பி?”

“அவர் வேலை அவர் மண்டைக்குள்ள மட்டும்தானே இருக்கு? அவரை எப்படி அனுப்ப முடியும்?”

வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. அதற்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, கணவர்தான். எடுக்கப் பையைத் திறந்தவள், நீல அட்டை கண்ணில் பட்டதும் சட்டென்று மூடிவிட்டாள்.

விசா தம்பி பக்கத்தில் வந்து நின்றான். “மனசே கேக்கலக்கா” என்றான். பிறகு நெஞ்சில் கையை வைத்து, அடைத்துக்கொண்டிருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டான்.

“என் நோட்டை எடுத்தவங்க நல்லா இருக்கணும்க்கா!”